நகைச்சுவைக்குள் இருக்கும் கூலிக் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்வந்தர் வீடுகளில் குழந்தை பார்க்கும் வேலையை நகைச்சுவையாகச் சொல்லும் ‘தி நானி டைரீஸ்’ என்ற அமெரிக்க நாவலைப் பற்றித் தங்கள் நாளிதழின் நூல் பகுதியில் வெளிவந்த வாசகர் கருத்துகளை ஒன்றுவிடாமல் படித்தேன். விழுந்து விழுந்து சிரித்ததாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். கதைசொல்லி ஓயாமல் புலம்புகிறாள், பிடிக்காவிட்டால் வேலையை விட்டுப் போக வேண்டியதுதானே என்று சிலர் கடிந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு தாயை இவ்வளவு கொடியவளாகக் காட்டியது மிகை என்பது வேறு சிலரின் மனக்குறை. சுற்றி வளைத்துப் பார்த்தால், அந்தத் தாய் நல்லவளா கெட்டவளா, இந்தப் பெண் அப்பாவியா அசடா என்ற இரண்டு கேள்விகளைத் தாண்டி விவாதம் நகரவே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் நாவல் குறித்து வைத்திருக்கும் வேலை நேரத்தையும் கூலியையும் பற்றி ஒருவரும் வாய் திறக்காதது எனக்கு வியப்பாக இருந்தது. இந்நூலின் சிரிப்பு பிறக்கும் இடமே அதுதான் என்பது என் கருத்து.

2002-இல் வெளிவந்த இந்நாவலை எழுதிய எம்மா மெக்லாக்லின், நிகோலா க்ராஸ் இருவரும் எழுத்துக்கு வருமுன் நியூயார்க்கின் வசதியான வீடுகளில் குழந்தை பார்த்தவர்கள். இருவருமாகச் சேர்ந்து முப்பது குடும்பங்களுக்கு மேல் பார்த்தவர்கள் என்று நூலின் அட்டையே அறிமுகம் செய்கிறது. மன்ஹாட்டனின் அப்பர் ஈஸ்ட் சைடு பகுதியில், பார்க் அவென்யூ அடுக்குமாடி ஒன்றில் கதை நடக்கிறது. குழந்தை வளர்ச்சியியல் படிக்கும் பல்கலைக்கழக மாணவி நேன், வாடகைக்கும் செலவுக்குமாக ஒரு பகுதிநேர வேலை தேடி, எக்ஸ் என்ற எழுத்தை மட்டும் பெயராகக் கொண்ட ஒரு தம்பதியின் நான்கு வயது மகன் கிரேயரைப் பார்த்துக்கொள்ளச் சேர்கிறாள். நாவலின் தொடக்கத்திலேயே அவள் இவ்வேலையை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டுகிறாள். பகல் முழுதும் வேலைக்குப் போய் இரவில் பிள்ளையைத் தாங்களே கவனித்துக்கொள்ளும் பெற்றோர் ஒரு வகை. பகலும் இரவும் பிள்ளையோடு இருந்துவிட்டு, வாரத்தில் சில பிற்பகல்கள் மட்டும் மூச்சுவிட இடம் கேட்கும் தாய் அடுத்த வகை. வெளி வேலையும் பார்க்காமல், பிள்ளையையும் பார்க்காமல், நாள் முழுவதும் தனக்கான நேரமாகவே இருக்க வேண்டும் என்று பலரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்ளும் தாய் மூன்றாம் வகை. நேனுக்கு வாய்ப்பது மூன்றாவது.

இந்த வகைப்பாட்டைப் பணக்காரப் பெண்கள் மீதான கேலியாக மட்டுமே வாசகர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கேலி இருக்கிறதுதான். ஆனாலும் அதைச் சொல்பவள் ஒரு தொழிலாளியின் கண்ணோடுதான் வீடுகளைத் தரம் பிரிக்கிறாள். எந்த வீட்டில் வேலைக்கு எல்லை உண்டு, எந்த வீட்டில் கிடையாது என்பதே அவளுடைய அளவுகோல். முதல் இரண்டு வகையிலும் பெற்றோர் வீடு திரும்பும் நேரம், தாய் குழந்தையை வாங்கிக்கொள்ளும் நேரம் என்று ஏதோ ஒன்று இருக்கும். மூன்றாவதில் அப்படி ஒரு நேரமே இல்லை.

அந்த எல்லை எப்படிக் கரைகிறது என்பதைக் காட்டுவதில்தான் இந்த இரண்டு எழுத்தாளர்களின் கைத்திறன் தெரிகிறது. திருமதி எக்ஸ் கத்துவதில்லை, மிரட்டுவதில்லை. சீட்டு எழுதி வைக்கிறாள். அழகான தாளில், கனிவான சொற்களில், ‘முடியுமா என்று யோசித்தேன்’ என்ற தொனியில் ஒவ்வொரு சீட்டும் வருகிறது. எதற்கும் மறுப்புச் சொல்ல இடம் இருப்பதில்லை. பள்ளி விட்டதும் பையனை அழைத்துவந்து சில மணி நேரம் பார்த்துக்கொள்வதாகத்தான் பேச்சு. சில வாரங்களில் அது விருந்தினருக்கான பரிசுப்பைகளுக்குக் கடை கடையாக அலைவதாகவும், கணவனின் நிறுவன விருந்துக்கு, குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரில் வரும் டெலிடப்பி பொம்மையின் வேடம் போட்டுக்கொண்டு போவதாகவும் வளர்ந்துவிடுகிறது. எந்த வேலையும் புதிய வேலை என்ற பெயரில் வருவதில்லை. எல்லாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதன் வால் போலவே வருகின்றன. அந்த வேடக் காட்சியைக் கோமாளித்தனம் என்று வாசகர் ஒருவர் ஒதுக்கிவிட்டார். மணிக்கணக்கில் கூலி பெறும் ஒரு மாணவி, முதலாளி வீட்டாரின் பெருமைக்காக ஒரு மாலைப்பொழுதைப் பொம்மை உடைக்குள் கழிக்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தனிக் கூலி உண்டா என்று கேட்கவும் அவளுக்கு நா எழவில்லை. இதைவிடத் துல்லியமான தொழில் சித்திரத்தை ஒரு நகைச்சுவை நாவலில் நான் அதிகம் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸ் அன்பளிப்பை எண்ணிக் காத்திருந்தவளுக்கு ஒரு காதுமூடி பரிசாகக் கிடைக்கும் இடமும் அப்படித்தான். சிரிப்பு வருகிறது, அவள் அந்தப் பணத்தை நம்பித்தான் இருந்தாள் என்பது அடுத்த கணமே நினைவுக்கு வருகிறது.

‘பிடிக்காவிட்டால் போக வேண்டியதுதானே’ என்ற கேள்விக்கு வருகிறேன். அதிகம் பேர் எழுப்பியதும், அதிகம் எரிச்சலோடு எழுப்பியதும் இதைத்தான். இதற்கான பதிலை நாவல் கிரேயரின் உருவத்தில் கொடுத்துவிட்டது. தொடக்கத்தில் அந்தப் பையன் நேனிடம் முரட்டுத்தனமாக நடந்துகொள்வதைக் கண்டு, ‘செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை’ என்று முடிவு கட்டியவர்கள், நேனுக்கு முன்பு அவனைப் பார்த்துக்கொள்ள கெய்ட்லின் என்றொருத்தி இருந்தாள் என்பதை மறந்துவிட்டார்கள். தன்னை எழுப்பி, ஊட்டி, தூங்கவைத்தவள் ஒருநாள் காணாமற்போகிறாள். ஏன் போனாள் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவள் இடத்தில் புதிதாக ஒருத்தி வந்து நிற்கிறாள். நான்கு வயதுப் பிள்ளை வேறு எப்படி நடந்துகொள்ளும்? தந்தையின் விசிட்டிங் கார்டைப் பழைய பஸ் பாஸ் உறை ஒன்றில் போட்டு, கழற்ற மறுத்து, எங்கே போனாலும் உடையில் மாட்டிக்கொண்டு திரிகிற பிள்ளை அது. வீட்டுக்கே அபூர்வமாக வரும் தந்தையிடமிருந்து அவனுக்குக் கிடைத்தது அந்த அட்டை ஒன்றுதான். அதைக் கண்ட பிறகு, தானும் கெய்ட்லின் போலக் காணாமற்போவதற்கு நேனுக்கு மனம் வரவில்லை.

வேலைக்கு எடுப்பவர் விலை பேசுவது நேரத்துக்கு. குழந்தையின் மீது உண்டாகும் பாசத்துக்கு யாரும் விலை பேசுவதில்லை. ஆனால் அது உண்டாகாவிட்டால் வேலை சரியாக நடக்காது, உண்டாகிவிட்டாலோ வேலையை விடுவது கடினமாகிவிடுகிறது. மற்ற வேலைகளில் ராஜினாமாக் கடிதத்தை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். இங்கே அதைக் கொடுக்க வேண்டிய இடம் ஒரு குழந்தை. திருமதி எக்ஸுக்கு இது நன்றாகத் தெரியும் என்பதுதான் நாவலின் கூர்மை. பையன் காய்ச்சலில் கிடக்கும்போதும் வெளியூரில் இருக்கும் அவளைத் தொலைபேசியில் பிடிக்க முடியாமல் போகிறதே, அது வெறும் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. நேன் விட்டுவிட்டுப் போகமாட்டாள் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் அந்த வீடே ஓடுகிறது.

இனிக் கூலிக் கணக்கு. கதையின் இறுதிப் பகுதியில் குடும்பம் நான்டக்கெட் தீவுக்கு விடுமுறைக்குப் போகிறது. நேனும் உடன் போகிறாள். பத்து நாள், நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம், பேசிய கூலி மணிக்கு 12 டாலர். வேலையிலிருந்து நீக்கப்பட்டுத் திரும்பும் வழியில் அவள் உறையைப் பிரித்துப் பார்த்து மனக்கணக்குப் போடுகிறாள். வந்திருக்க வேண்டியது 1,920 டாலர். உள்ளே இருப்பது 500. அதாவது மணிக்கு மூன்று டாலர் சொச்சம். 1997 முதல் 2007 வரை அமெரிக்கக் கூட்டாட்சி அரசு நிர்ணயித்திருந்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 5.15 டாலர் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், நாட்டின் மிகச் செல்வம் கொழித்த தெருக்களில் ஒன்றில் வாழும் குடும்பம் சட்டம் விதித்த அடிமட்டக் கூலியைக்கூடத் தரவில்லை என்பது விளங்கும். தங்கள் பகுதியில் எழுதிய வாசகர் ஒருவர், இந்தக் கட்டத்தில் நேன் ‘பணத்துக்காக அற்பமாக அலட்டிக்கொள்கிறாள்’ என்று எழுதியிருந்தார். 1,420 டாலர் குறைத்துக் கொடுத்தவர்களை அற்பர்கள் என்று சொல்ல வராத வாய், கேட்கவேண்டிய பணத்தை எண்ணிப் பார்த்தவளை அப்படிச் சொல்ல எவ்வளவு எளிதில் வருகிறது!

இதில் நகைப்புக்குரிய ஒரு சட்ட வரலாறும் உண்டு. அமெரிக்காவில் குறைந்தபட்ச ஊதியத்தையும் மிகைநேர ஊதியத்தையும் நிலைநாட்டிய நியாயத் தொழிலாளர் தரச் சட்டம் 1938-இல் வந்தது. வீட்டு வேலை செய்பவர்களை அது வெளியே நிறுத்தியது. 1974-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகுதான் அவர்களுக்கும் குறைந்தபட்ச ஊதியம் உரிமையானது. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைக் காக்கும் 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் அவர்களை இன்றும் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்நாவல் வெளிவந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 2010-இல், நியூயார்க் மாநிலம் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனி உரிமைச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். வாரத்துக்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல், உடன் தங்கி வேலை செய்பவர்களானால் நாற்பத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு. ஓராண்டு வேலை செய்தவர்க்கு ஆண்டுக்கு மூன்று நாள் ஊதியத்தோடு விடுப்பு. மூன்றே மூன்று நாள். அதைப் பெறுவதற்கும் நியூயார்க்கின் ஆயாக்களும் வீட்டுப் பணியாளர்களும் சங்கமாகத் திரண்டு பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. நாவலாசிரியர்களுக்குச் சட்டம் பேசும் நோக்கம் இருந்ததாக நான் சொல்லவில்லை. சட்டம் எட்டாத இடத்தில் கனிவான கையெழுத்தில் வரும் ஒரு சீட்டு என்னென்ன செய்யும் என்பதை அவர்கள் உள்ளிருந்து பார்த்தவர்கள், பார்த்ததை எழுதினார்கள்.

மிகை என்ற குற்றச்சாட்டு இந்த வகை எழுத்துக்குப் புதிதன்று. 1847-இல் ஆன் பிராண்டே, பணக்கார வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியையாகத் தான் பட்டதைக் கொண்டு ‘ஆக்னஸ் கிரே’ என்ற நாவலை எழுதியபோதும் இதே குறையைத்தான் சொன்னார்கள். அடுத்த ஆண்டே, தன் அடுத்த நாவலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் அவர் அதற்குப் பதில் எழுதினார்: எந்தப் பகுதிகளை மிகை என்று விமர்சித்தார்களோ, அவையே வாழ்க்கையிலிருந்து மிகவும் கவனமாக, அப்படியே எடுத்தெழுதிய பகுதிகள் என்று. வேலை வாங்குபவர்களே பெரும்பாலும் நூல்களை விலை கொடுத்து வாங்குபவர்களாகவும் இருந்த காலம் அது. தங்கள் பகுதியில் ‘எந்தத் தாய் இப்படி இருப்பாள்?’ என்று கேட்டவர்களுக்கு என்னால் சாட்சி கொண்டுவர இயலாது; ஆனால் நம்பமுடியாமை ஒரு நூலின் குறையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

அதே நேரத்தில், தாயின் மீதே முழுப் பழியும் விழுகிறது என்று எழுதிய வாசகியின் கருத்தை நான் பெரிதும் ஏற்கிறேன். கணவர் எக்ஸ் நாவலில் எப்போதாவதுதான் தலைகாட்டுகிறார். அவருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு. பிள்ளையின் மீது பார்வையே இல்லை. வீட்டின் பணம் முழுவதும் அவருடையது. அப்படியிருந்தும், கண் முன்னால் நடமாடாத காரணத்தால் அவர் வாசகரின் கோபத்திலிருந்து தப்பிவிடுகிறார். சீட்டு எழுதுபவள் மாட்டிக்கொள்கிறாள். தன் திருமணம் கையை விட்டுப் போகிறது என்று அறிந்த ஒருத்தி, எஞ்சியிருக்கும் ஒரே அதிகாரத்தை ஆயாவின் மீது செலுத்துகிறாள் என்பதை ஆசிரியர்கள் ஆங்காங்கே கோடிட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் கேலியின் வேகத்தில் அது எடுபடவில்லை. நூலின் உண்மையான குறைகளில் இது ஒன்று.

இன்னொரு குறை என்னை அதிகம் உறுத்தியது. அதைப் பற்றி யாரும் எழுதவில்லை. சீமா என்றொரு பெண் நாவலில் சிறிது நேரம் வருகிறாள். சான் சால்வடோரில் பொறியாளராக இருந்தவள். இப்போது மன்ஹாட்டனில் வேறொருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுடைய சொந்தப் பிள்ளைகள் அவளோடு இல்லை. அவள் பார்த்துக்கொள்ளும் சிறுவன் அவளை அடிக்கிறான். நேன் அதைப் பார்க்கிறாள், கேட்கிறாள், வாயடைத்துப் போகிறாள். பிறகு கதை நேனின் சீட்டுகளுக்கும் அவளுடைய காதலுக்கும் திரும்பிவிடுகிறது. ‘பிடிக்காவிட்டால் போக வேண்டியதுதானே’ என்ற கேள்வியை நேனிடம் கேட்டால் அவளுக்குப் போக இடம் உண்டு. நகரத்திலேயே பெற்றோர் இருக்கிறார்கள், அவளைத் தாங்கும் பாட்டி இருக்கிறாள், கைக்கெட்டும் தூரத்தில் பட்டம் இருக்கிறது. இவ்வளவு இருப்பதால்தான் அவளால் நகைச்சுவையாகச் சொல்ல முடிகிறது. சீமாவின் நாட்குறிப்பு இந்தத் தொனியில் அமைந்திருக்காது. ஒரு நகைச்சுவை நாவலிடம் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது நியாயமில்லைதான். ஆனால் அந்தச் சில பக்கங்கள் மட்டும் மற்ற பக்கங்களைவிடக் கனமாக இருப்பதை எழுதியவர்களே உணர்ந்திருக்க வேண்டும். உணர்ந்தும் கடந்து போனார்கள்.

முடிவைப் பற்றி இரண்டு தரப்பாக எழுதியிருந்தார்கள். வேலை பறிபோன பிறகு, தன்னைக் கண்காணிக்கக் கரடிப் பொம்மைக்குள் ஒளித்து வைத்திருந்த கேமராவைப் பார்த்து நேன் பேசுகிறாள். முதலில் கோபத்தையெல்லாம் கொட்டித் தீர்க்கிறாள். பிறகு அதை அழித்துவிட்டு, நிதானமாக மறுபடி பதிவு செய்கிறாள். ‘கோழைத்தனம்’ என்கிறது ஒரு தரப்பு, ‘பெருந்தன்மை’ என்கிறது மறு தரப்பு. எனக்கு இரண்டுமாகப் படவில்லை. அந்த வீட்டில் இனிமேலும் வளரப்போகிறவன் கிரேயர். கோபமான பேச்சின் விளைவு அவன் தலையில்தான் விடியும் என்பது அவளுக்குத் தெரியாதா? 2007-இல் வந்த திரைப்படம் இந்த இடத்தைக் கெடுத்துவிட்டது. படத்தில் திருமதி எக்ஸ் மனம் திருந்தி, கணவனைப் பிரிந்து, மகனோடு நெருங்கி, ஆயாவுக்கு நன்றிக் கடிதமும் எழுதிவிடுகிறாள். பார்வையாளர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். நாவல் அந்த ஆறுதலைத் தரவில்லை என்பதற்காகவே அதை நான் மதிக்கிறேன். ஆனால் நாவலிலும் கூலிப் பாக்கியைச் சட்டப்படி கேட்கலாம் என்ற எண்ணம் நேனுக்கு எழுவதே இல்லை. குழந்தை வளர்ச்சியியல் படித்தவளுக்கே அப்படியென்றால் மற்றவர்கள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே கட்டடத்தில் குடியிருக்கும் ஹார்வர்டு இளைஞனோடு நேனுக்கு ஏற்படும் காதலைப் பற்றிப் பலர் விரிவாக எழுதியிருந்தார்கள். அந்தப் பகுதி சப்பென்று இருக்கிறது என்பதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும். வெளியான கருத்துகளில் பெரும்பாலானவை, ‘நான் ஒரு தாயாக’, ‘ஒரு பெற்றோராக’ என்றே தொடங்குகின்றன. பிறர் வீட்டில் பிள்ளை பார்த்து ஊதியம் பெற்ற ஒருவரின் வாசிப்பு ஒன்றுகூட அவற்றில் இல்லை. அந்த வேலையைச் செய்தவர்கள், செய்துகொண்டிருப்பவர்கள் இந்நாவலைப் படித்து எங்கே சிரித்தார்கள், எங்கே சிரிக்கவில்லை என்பதைக் கேட்டு வாங்கித் தங்கள் நூல் பகுதியில் வெளியிட வேண்டுகிறேன். எழுதிப் பழக்கமில்லாதவர்கள் வாய்மொழியாகச் சொன்னால், அதைத் தங்கள் நிருபர்கள் எழுதிக்கொள்ளலாம். அவர்கள் விரும்பாவிட்டால் பெயரைப் போட வேண்டாம், வேலை கொடுத்த வீட்டாரின் பெயர் எப்படியும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர் ஒருவர்